கலைச்சொல் தேவை: ரீஜெனரேட்டிவ் பிரேக்கிங் (வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும்)

கல்லடியிலிருந்து:

அன்புடையீர்,

வாகனத் தொழினுட்ப வகுப்பு ஹைபிரிட் கார் சாரதிகளுக்கு ஒரு வினாக்கொத்துத் தயாரிக்கிறது. அடுத்து வரும் மாடல்களில் எதை மாற்ற வேண்டும் என்பதுதான் கேள்வி. பெரும்பாலானவை சிக்கலில்லாமல் தமிழுக்கு வந்துவிட்டன. பற்றரிக்குக் காற்று இழுக்கும் துவாரத்தின் வடிகட்டியைக் கிளிப் உடைக்காமல் கழற்றிக் கழுவ முடிய வேண்டுமா? நிறுத்தி வைத்த காரில் 12 வோல்ட் பற்றரி இறங்குமுன் எச்சரிக்கை வேண்டுமா? வெள்ளக்காலத்தில் 140 மில்லிமீற்றர் தரையுயரம் போதுமா? எல்லாம் சரி.

மாட்டிக்கொண்டது ரீஜெனரேட்டிவ் பிரேக்கிங், அதாவது வேகம் குறையும்போது மோட்டர் மின் பிறப்பித்துப் பற்றரிக்கு அனுப்புவது. இதன் அளவைக் கூட்டிக் குறைக்க வசதி வேண்டுமா, அது எப்போது வேலை செய்கிறது என்று டாஷ்போர்டில் தெளிவாகக் காட்ட வேண்டுமா என இரண்டு கேள்விகள். கையில் இருப்பவை மீளாக்கத் தடுப்பு, மீள்பிறப்பாக்கத் தடுப்பு. இரண்டையும் வகுப்பில் வாசித்தபோது யாருக்கும் விளங்கவில்லை.

காரைதீவிலிருந்து:

தம்பி, முதலில் ‘மீள்’ என்பதை விடுங்கள். அது தன்வினை. மீண்டான் என்றால் தானே திரும்பி வந்தான். பிறவினை மீட்டான், அதன் பெயர் மீட்பு. அடகு வைத்த நகையை மீட்கிறோம், மீள்வதில்லை. அதோடு மீள்பதிப்பு, மீள்குடியேற்றம் என்று ஒட்டி ஒட்டி, ‘மீள்’ என்றாலே ‘மறுபடியும்’ என்றாகிவிட்டது. மீள்தடுப்பு என்று அச்சடித்தால் இரண்டாம் தரம் பிரேக் மிதிப்பது என்றுதான் படிப்பவர் நினைப்பார்.

மீட்டு என்று வேறொரு வினையும் உண்டு, மீட்டினான். அது நரம்புக் கருவிக்குரியது. யாழ் வாசிக்கும் விரல்தொழில்களான யாழ்க்கரணம் எட்டில் உந்தல் என்றும் ஒன்று வரும். பௌதிகத்தில் உந்தம் என்கிறோமே, அதே அடி. ஓடும் வண்டியின் உந்தத்தைத்தானே இங்கே பிடித்தெடுக்கிறார்கள்? ‘உந்துமீட்பு’ என்றால் என்ன குறை? யாழை ஆராய்ந்த விபுலானந்த அடிகளே கலைச்சொல்லாக்கத்திலும் முன்னின்றவர் என்பதை அவர் பிறந்த இந்த ஊரில் இருந்துகொண்டு சொல்லாமல் விட முடியாது.

அக்கரைப்பற்றிலிருந்து:

அஸ்ஸலாமு அலைக்கும், அனைவருக்கும் வணக்கம்.

ஐயா, சொல்லை வைக்குமுன் அந்தப் பிரேக் என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். டொயோட்டா பிரியஸ், அக்வா வகையில் மிதியடியை அழுத்தினால் கால் நேரே சில்லுக்குப் போவதில்லை. எவ்வளவு வேகத்தைக் குறைக்கக் கேட்கிறீர்கள் என்பதைக் கணினி அளக்கிறது. முதலில் மோட்டரை மின்பிறப்பாக்கியாகச் சுழலவிட்டு அந்த மின்னைப் பற்றரிக்கு அனுப்புகிறது. போதாத பங்கை மட்டும் ஐதரோலிக் பிரேக் பிடிக்கிறது. நிற்கப் போகும் கடைசி நேரத்தில், சுமார் 10 கிலோமீற்றர் வேகத்துக்குக் கீழே, மோட்டர் கைவிட்டு ஐதரோலிக் முழுவதையும் ஏற்கிறது. சாரதிகள் ‘கடைசியில் வெட்டிப் பிடிக்குது’ என்று குறை சொல்வது இந்தக் கைமாற்றத்தை. அடுத்த மாடலில் இதை மென்மையாக்கச் சொல்லிக் கேட்பதும் இதனால்தான்.

இன்னொன்று, பற்றரி நிறைந்தால் மீட்பு நின்றுவிடும். பதுளையிலிருந்து செங்கலடி வரும் ஏ5 வீதியில் பசறை, லுணுகலை இறக்கங்களில் இதைப் பார்க்கலாம். நிக்கல் பற்றரியை ஏறக்குறைய 80 வீதத்துக்கு மேல் ஏறக் கணினி விடாது. அந்த எல்லை வந்ததும் எஞ்சினைச் சுழற்றி வீணாக்கிவிடும், சத்தமும் கூடும். பழுது என்று நினைத்து நியூட்ரலில் போடுகிறார்கள். நியூட்ரலில் பற்றரி சார்ஜ் ஆகாது, மோட்டரின் தடையும் போய்விடும், முழுப் பாரமும் பிரேக் பேடில் விழும். இறக்கத்தில் கியரை ‘பி’ (B) நிலையில் வைப்பதுதான் சரி. இதைத் திரையில் எழுத்தில் காட்டு என்பதே பலரின் கோரிக்கை.

டிஸ்க் துருவும் இதோடு சேர்ந்ததுதான். மோட்டர் பெரும்பங்கு பிடிப்பதால் பேட் டிஸ்கில் உரசுவது குறைவு. கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றில் டிஸ்க் துருப்பிடிக்கிறது, பேடை டிஸ்கில் அழுத்தும் கலிப்பரின் வழுக்கு ஊசிகள் இறுகி ஒரு பக்கப் பேட் மட்டும் தேய்கிறது. ஊசிகளைக் கழற்றித் துடைத்து, ரப்பரைக் கெடுக்காத சிலிக்கன் கிரீஸ் பூச வேண்டும். அக்வாவில் கைவைக்குமுன் 12 வோல்ட் நெகற்றிவ்வைக் கழற்றுங்கள். சாரதிக் கதவைத் திறந்தாலே பிரேக் பம்ப் ஓடி அழுத்தம் ஏற்றும், கலிப்பர் கழன்றிருந்தால் பிஸ்டன் வெளியே வந்துவிடும்.

கராஜில் இதற்குப் பெயர் ‘சார்ஜ் பிரேக்’. ஒரு சாரதிக்கும் விளக்கம் தேவைப்படாது.

சம்மாந்துறையிலிருந்து:

நானா சொன்ன விவரம் அருமை. பெயர்தான் இடிக்கிறது. சார்ஜைத் தமிழாக்கினால் மின்னேற்றம். மின்னேற்றத் தடுப்பு என்று எழுதிப் பாருங்கள்: நோய்த்தடுப்பு நோயைத் தடுப்பது, வெள்ளத்தடுப்பு வெள்ளத்தைத் தடுப்பது, மின்னேற்றத் தடுப்பு மின்னேற்றத்தைத் தடுப்பது! சக்திமீட்புத் தடுப்பும் அப்படியே. ‘தடுப்பு’ ஈற்றில் வந்தால் முன்னால் நிற்பது செயப்படுபொருளாகிவிடும். மீளாக்கத் தடுப்பு வகுப்பில் விளங்காமற்போன காரணம் மீள் அல்ல, தடுப்பு.

நமது பாடநூலில் ஆர்முடுகல் (வேகம் கூடுவது), அமர்முடுகல் (வேகம் குறைவது) என்று அழகான சோடி இருக்கிறது. தமிழ்நாட்டார் முடுக்கம் என்கிறார்கள். நம்முடையதில் கூடுவதும் அமர்வதும் சொல்லிலேயே தெரிகிறது. எனவே ‘மீட்பு அமர்முடுகல்’. சக்தியையும் சேர்க்கலாம். சக்தி வடசொல், ஆற்றல் என்று போடு என யாரும் கிளம்ப வேண்டாம். இங்கே சக்தி, வலு என்று படித்த பிள்ளை ஆற்றல், திறன் என்று கண்டால் குழம்பும்.

காரைதீவிலிருந்து:

கிளம்பவில்லை. ஆனாலும் ஆற்று என்ற அடியைப் பாருங்கள். செய்வதும் ஆற்றுதல், தணிப்பதும் ஆற்றுதல். கடமையை ஆற்றுகிறோம், தேத்தண்ணியையும் ஆற்றுகிறோம். வேகத்தைத் தணித்து அதையே வேலைக்கு ஆக்கும் ஒரு பொறிக்கு இதைவிடப் பொருந்தும் அடி தமிழில் இல்லை. ‘ஆற்றுமீட்பு’.

வாழைச்சேனையிலிருந்து:

ஐயா, ஆற்றுமீட்பு என்றால் இங்கே ஆற்றில் விழுந்தவரை மீட்பது என்றுதான் நினைப்பார்கள்.

அமர்முடுகல் உயர்தரம் படித்தவருக்குச் சரி, வினாக்கொத்து முச்சக்கரவண்டி விற்றுவிட்டு சுசுகி வாகன்ஆர் எடுத்தவருக்கும் போகிறது. ஆனால் பிரேக் என்ற சொல்லிலும் ஒரு பிழை இருக்கிறது. வாகன்ஆர் ஹைபிரிட்டில் பெல்ட்டோடு பூட்டிய சிறு மோட்டர்தான் மின்னை மீட்கிறது, அதுவும் அக்சிலரேற்றரில் இருந்து காலை எடுத்ததுமே. பிரேக் மிதியடி வழமையான ஐதரோலிக்தான். 2016இல் வந்த நிசான் நோட் ஈ-பவரில் ஒரே மிதியடியால் வேகத்தைப் பெரும்பாலும் கட்டுப்படுத்தலாம். காலை எடுப்பதாலேயே அமர்முடுகல் செக்கனுக்குச் செக்கன் 1.3 மீற்றரைத் தாண்டினால் பின்விளக்கு எரிய வேண்டும் என்று ஐ.நா.வின் பிரேக் ஒழுங்குவிதியே சொல்கிறது. மிதிக்காமலே நடப்பதைப் பிரேக் என்று சொல்வதா? ‘ஓட்ட மின்மீட்பு’ என்று வைப்போம்.

அக்கரைப்பற்றிலிருந்து:

தம்பி, எஞ்சின் பிரேக்கையும் யாரும் மிதிப்பதில்லை. லொறிச் சாரதி தலைமுறையாக அப்படித்தான் சொல்கிறார். வண்டியைப் பிடித்து இழுப்பது எதுவோ அது பிரேக். ஓட்ட மின்மீட்பு என்றால் வேகம் குறையும் என்ற சேதியே போய்விடும், அதுதான் பாதுகாப்புக்கு முக்கியம். ‘மீட்பு பிரேக்’ என்று போடுங்கள், ஐயாவின் மீட்பும் இருக்கும், கராஜின் பிரேக்கும் இருக்கும்.

காரைதீவிலிருந்து:

மீட்பு வன்தொடர்க் குற்றியலுகரம். முன்னால் வல்லினம் வந்தால் மிக வேண்டும். மீட்புப் பிரேக்.

சம்மாந்துறையிலிருந்து:

ஒற்று மிகுந்தால் ‘ப்பி’ என்று வன்மையாக ஒலிக்கும். பிரேக்கின் முதலெழுத்தோ மெலிந்து ஒலிப்பது. ஆங்கிலத்தில் ‘P’ அல்ல, ‘B’. பிறமொழிச் சொல்லுக்கு முன் ஒற்றிடாமல் விடுவதே மேல். பாதி தமிழ் பாதி ஆங்கிலம் என்பதே எனக்கு உடன்பாடில்லை, அது வேறு.

காரைதீவிலிருந்து:

வீட்டுப் பட்ஜெட், நாட்டுப் பாஷை என்று எழுதும்போது மெலிவைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்?

கல்லடியிலிருந்து:

அச்சகம் இரண்டு தரம் அழைத்துவிட்டது. இதுவரை மீட்புப் பிரேக்குக்கு நால்வர், அதில் இருவர் ‘வேறு வழியில்லை’ என்று எழுதியவர்கள். அமர்முடுகலுக்கு ஒருவர். உந்துமீட்புக்கு ஐயா மட்டும். கேள்வி இப்படிப் போகிறது:

“மீட்புப் பிரேக் (வேகம் குறையும்போது மோட்டர் மின் பிறப்பித்துப் பற்றரிக்கு அனுப்புவது) பிடிக்கும் அளவைச் சாரதியே மூன்று படிகளில் மாற்ற வசதி வேண்டுமா? பற்றரி நிறைந்து அது நிற்கும்போது திரையில் எழுத்தில் காட்ட வேண்டுமா?”

ஒற்று இட்டிருக்கிறேன்.

சம்மாந்துறையிலிருந்து:

அச்சடியுங்கள் சேர். எங்கள் வகுப்புக் குறிப்பில் சக்திமீட்பு அமர்முடுகல் என்றே இருக்கும், பரீட்சைத் தாளில் மீட்புப் பிரேக் என்று வந்தால் அடைப்புக்குள் நம்முடையதையும் எழுதச் சொல்லுவேன். அதோடு ‘ரெடி’ விளக்குக்கு வினாக்கொத்தில் ‘ஆயத்தம்’ என்று போட்டிருக்கிறீர்கள். எஞ்சின் ஓடாமலே வண்டி நகரத் தயாராக நிற்கிறது என்பது ஆயத்தத்தில் வருமா? அதை யார் பார்த்தது?