சான்குவோஷா: லூ பூவின் பிறை வேல் ஆயுதத்தை எப்படிப் பயன்படுத்துவது?

சான்குவோஷா என்ற சீனச் சீட்டாட்டம்; ஐந்து பேர் ஆட்டம், அடிப்படைச் சீட்டுக்கட்டு. கிளர்ச்சியாளன் பாத்திரத்தில் எனக்கு லூ பூ என்ற வீரர் வந்தால், அவருடைய பிறை வேல் (ஃபாங்தியான் ஹுவாஜி) ஆயுதத்தைத்தான் விரும்பி எடுக்கிறேன். மூன்று மாதமாக ஒருமுறைகூட அது சரியாக வேலை செய்யவில்லை.

கையில் கடைசிச் சீட்டாகத் தாக்குதல் சீட்டு இருந்தால் மூன்று பேரை ஒரே நேரத்தில் அடிக்கலாம். லூ பூவின் திறமையால் ஒவ்வொருவரும் இரண்டு டாட்ஜ் (தாக்குதலைத் தவிர்க்கும் சீட்டு) போட வேண்டும். நினைத்தாலே ஆசையாக இருக்கிறது! ஆனால் கையில் ஒரு டாட்ஜ் இருந்தாலும் எல்லாம் கெட்டுவிடுகிறது. என் முறையில் அதை ஆட முடியாது, கழிக்கும் கட்டமோ தாக்குதலுக்கு அப்புறம்தான் வருகிறது.

குதிரை, கவசம் எல்லாவற்றையும் உடனே மேசையில் இறக்கிப் பார்த்தேன். தந்திரச் சீட்டுகளை முதலிலேயே செலவழித்தேன். டாட்ஜ் தீரும்வரை எதிரிகள் என்னை அடிக்கட்டும் என்று இரண்டு சுற்று காத்திருந்தும் பார்த்தேன். நான்கு உயிரில் ஒன்றுதான் மிஞ்சியது. அப்படியே அடித்தாலும் கை காலி, அடுத்து வருபவர் என்னை முடித்துவிடுகிறார். வேலின் தாக்கும் தூரம் 4 என்பதும் ஐந்து பேர் மேசையில் பெரிதாக உதவவில்லை.

கையில் தங்கிவிடும் டாட்ஜ்களைத் தாக்குவதற்கு முன்பே காலி செய்ய நீங்கள் என்ன வழி வைத்திருக்கிறீர்கள்?