மசாய் மாரா, ஆகஸ்ட்: ஆர்7 + 100-400 போதுமா, 200-800 வாடகைக்கு எடுக்க வேண்டுமா?

கரைவெட்டி கேட்டது:

வணக்கம். ஆகஸ்ட் மூன்றாவது வாரம் கென்யா பயணம். மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்தில் (ரிசர்வ்) நான்கு நாள், நைவாஷா ஏரியில் ஒரு நாள். நைரோபியிலிருந்து சாலை வழி, கூரை திறக்கும் வேன், மொத்தம் ஆறு பேர். கையில் கேனான் ஆர்7 கேமரா, ஆர்எஃப் 100-400 (எஃப் 5.6-8), 18-150 லென்ஸ்கள். சிங்கம், சிறுத்தையைவிட எனக்குப் பறவைகள்தான் முக்கியம். ஊதா மார்புப் பனங்காடை கிளையை விட்டு எழும்பும் படம் ஒன்றாவது கூர்மையாக வேண்டும்.

பணம் செலவழித்து ஆர்எஃப் 200-800 வாடகைக்கு எடுப்பதில் பலன் உண்டா? வேனில் டிரைபாட் வைக்க முடியுமா? பனங்காடைக்கு என்ன செட்டிங்?

---

கரிச்சான் எழுதியது:

200-800 வேண்டாம் என்பேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆர்7-இன் சென்சார் சிறியது, அதனால் அதில் 400 மி.மீ என்பது ஃபுல் ஃபிரேமில் (பெரிய சென்சார் கேமராவில்) 640 மி.மீக்குச் சமம். 20 மீட்டர் தூரத்தில் உங்கள் ஃபிரேமின் அகலம் சுமார் 1.1 மீட்டர். பனங்காடையின் நீளம் ஏறக்குறைய 36 செ.மீ. உட்கார்ந்த பறவை ஃபிரேமில் மூன்றில் ஒரு பங்கை நிரப்பிவிடும். 800-இல் அதே தூரத்தில் அகலம் 56 செ.மீதான், இறக்கை விரித்ததும் வெளியே போய்விடும். இரண்டு கிலோ எடை வேறு. சாலையோரக் கிளையில் இருக்கும் பறவைகள் வேனுக்கு அவ்வளவாகப் பயப்படுவதில்லை, அதனால் நெருக்கம் கிடைக்கும்.

செலவழித்தே ஆக வேண்டும் என்றால் ஆர்எஃப் 100-500 எடுங்கள். 400-இல் எஃப் 6.3 கிடைக்கும், உங்களுடையது எஃப் 8 (எஃப் எண் குறைந்தால் வெளிச்சம் அதிகம்). விடியற்காலையில் அந்த வித்தியாசம் தெரியும். அதைவிடப் பெரிய விஷயம், 100-500-க்குத் தூசுக் காப்பு உண்டு, 100-400-க்குக் கிடையாது.

டிரைபாட் வேண்டவே வேண்டாம். வேனுக்குள் கால் விரிக்க இடம் இருக்காது, யாராவது நகர்ந்தால் தரையோடு சேர்ந்து அதுவும் ஆடும். பீன்பேக்கின் (லென்ஸைத் தாங்கும் துணிப்பை) வெறும் உறையை மட்டும் இங்கிருந்து கொண்டு போங்கள். மாராவுக்குப் போகும் வழியில் நாரோக் என்ற ஊர் வரும். அங்கே 3 கிலோ அரிசியோ பீன்ஸோ வாங்கி நிரப்பிக்கொள்ளுங்கள். முக்கால் பங்குதான் நிரப்ப வேண்டும். இறுக்கி அடைத்தால் லென்ஸ் பதியாமல் உருளும். கூரை விளிம்பில் வைத்து, லென்ஸை அதற்குள் ஒரு குழி விழுகிற மாதிரி அழுத்தி உட்கார வையுங்கள்.

இன்ஜினை அணைக்கச் சொல்ல மறக்கவே கூடாது. டீசல் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தால் 1/500 வினாடி ஷட்டர் வேகத்திலும் படம் மங்கும். "போலே போலே" என்றால் ஸ்வாஹிலியில் "மெல்ல மெல்ல". பறவையை நெருங்கும்போது ஓட்டுநரிடம் சொல்ல உதவும். மற்ற ஐந்து பேரிடமும் முதல் நாளே பேசிவிடுங்கள்: ஒருவர் படம் எடுக்கும்போது யாரும் இடம் மாறக் கூடாது.

இன்னொன்று, எல்லோரும் கூரை வழியாகவே எடுப்பார்கள். அதில் தரையில் இருக்கும் எதுவும் மேலிருந்து குனிந்து பார்த்த மாதிரி விழும். செக்ரட்டரி பறவையோ, தரை இருவாச்சியோ, படுத்திருக்கும் சிங்கமோ, எதுவானாலும் உட்கார்ந்து ஜன்னலைத் திறந்து எடுங்கள். பின்னணி தூரமாகப் போய் மென்மையாகிவிடும். ஒரு மீட்டர் கீழே இறங்குவதால் கிடைக்கும் இந்தப் பலனை எந்த லென்ஸும் தராது.

தங்குமிடம் எங்கே என்று பாருங்கள். ரிசர்வுக்குள் அனுமதி நேரம் காலை 6 முதல் மாலை 6 வரை. அங்கே ஆகஸ்டில் சூரியன் எழுவதும் விழுவதும் கிட்டத்தட்ட 6:40-க்கு. கேட்டுக்கு வெளியே தங்கினால் மாலையின் நல்ல வெளிச்சம் முழுக்கத் திரும்பும் வழியில் போய்விடும். காலையிலாவது 6 மணிக்கு முன்பே கேட்டில் வண்டி நிற்க வேண்டும். நிலநடுக்கோட்டுப் பகுதி என்பதால் சூரியன் செங்குத்தாக ஏறும், எட்டரைக்கெல்லாம் வெளிச்சம் கடுமையாகிவிடும்.

---

முக்குளிப்பான் எழுதியது:

பனங்காடைக்கு மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது அதிர்ஷ்டத்தால் கிடைக்கிற படம் இல்லை.

அது மொட்டைக் கிளை நுனியிலோ புதர் உச்சியிலோ உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். வெட்டுக்கிளியைக் கண்டதும் இறங்கிப் பிடித்துவிட்டுப் பெரும்பாலும் அதே கிளைக்குத் திரும்பும். அதனால் முதல் முறை பறந்துவிட்டால் வண்டியை எடுக்காதீர்கள், ஐந்து நிமிடம் காத்திருங்கள். சாதாரணமாக எழும்பும்போது காற்றை எதிர்த்துத்தான் எழும்பும். புல் நுனி எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் பறவை போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால், காற்று ஃபிரேமின் குறுக்கே, இப்படி வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். அப்போதுதான் இறக்கையின் நீலம் முழுதும் ஃபோகஸ் தளத்திலேயே இருக்கும்.

பறப்பதற்குச் சற்று முன்பு உடலைத் தாழ்த்தி முன்னே சாயும், பெரும்பாலும் எச்சமிடும். எச்சமிட்டதும் விரல் ஷட்டரில் இருக்க வேண்டும். 400-இல் வைத்திருந்தால் 300-க்குக் குறையுங்கள். 20 மீட்டரில் அகலம் ஒன்றரை மீட்டர் ஆகும். பறவையை ஃபிரேமின் ஓரத்தில் வைத்து, அது போகும் திசையில் இடம் விடுங்கள்.

மேனுவல் மோடு, 1/3200, எஃப் 8, ஆட்டோ ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறனைக் கேமராவே மாற்றும்). முழு வெயிலில் ஐஎஸ்ஓ 800 அளவில் நிற்கும், காலை எட்டுக்கு முன் 1600 முதல் 3200 வரை போகும். அதற்குப் பயந்து ஷட்டரைக் குறைக்காதீர்கள். நாய்ஸை (படத்தில் விழும் புள்ளிகளை) மென்பொருளில் குறைத்துவிடலாம், அசைந்து மங்கிய இறக்கையைச் சரிசெய்யவே முடியாது.

ஆர்7-இல் ரா பர்ஸ்ட் என்றொரு வசதி உண்டு, ஷட்டரை அழுத்துவதற்கு முந்தைய அரை நொடியையும் வினாடிக்கு 30 ஃபிரேமில் சேர்த்துத் தரும். எழும்பும் கணத்துக்கு அது மிகவும் உதவும். ஆனால் அது எலக்ட்ரானிக் ஷட்டரில்தான் இயங்கும், இந்தக் கேமராவின் சென்சார் மேலிருந்து கீழாகப் படிக்க நேரம் எடுத்துக்கொள்ளும். விளைவு, வேகமாக அடிக்கும் இறக்கை வளைந்து, நீண்டு, வேறு பறவையின் இறக்கை போலத் தெரியும். இறக்கை முழுதாக மேலே அல்லது கீழே இருக்கும் ஃபிரேம்களில் இந்தக் கோளாறு குறைவு; அவற்றைத் தேர்ந்தெடுங்கள். குறுக்கே பறக்கும் பறவைக்கு மெக்கானிக்கல் ஷட்டரின் 15 ஃபிரேமே நல்லது. ரா பர்ஸ்ட் படங்கள் ஒரே கோப்பாகச் சேமிக்கப்படும், கேமராவிலோ கேனான் மென்பொருளிலோ பிரித்தெடுக்க வேண்டும். ஊரிலேயே பழகிக்கொள்ளுங்கள்.

ஃபோகஸுக்கு இரண்டு பட்டன் வையுங்கள். ஏஎஃப்-ஆன் பட்டனில் விலங்குக் கண் டிராக்கிங் (கண்ணைப் பின்தொடரும் ஃபோகஸ்), நட்சத்திரப் பட்டனில் ஸ்பாட் ஏஎஃப் (ஒரே சிறு புள்ளியில் ஆட்டோ ஃபோகஸ்). புல்லுக்கு நடுவே இருக்கும் பறவையை டிராக்கிங் பல நேரம் விட்டுவிட்டு முன்னால் ஆடும் புல்லைப் பிடிக்கும். ஸ்பாட்டில் கண்ணைப் பிடித்துவிட்டு மற்ற பட்டனுக்கு மாறினால் பறவையிலேயே ஒட்டிக்கொள்ளும்.

வெளிச்ச அளவில் பலர் தவறும் இடம் எருமையின் முதுகில் உட்காரும் உண்ணிக்கொக்கு. ஃபிரேம் முழுதும் கறுப்பு என்பதால் கேமரா பிரகாசத்தைக் கூட்டும், கொக்கு வெறும் வெள்ளைக் காகிதம் ஆகிவிடும். எக்ஸ்போஷர் திருத்தத்தை மைனஸ் 1 முதல் மைனஸ் 1⅔ வரை வையுங்கள். வானத்தில் வட்டமிடும் பாறுக்கு நேர்மாறாக, பிளஸ் 1⅓. லென்ஸில் இருக்கும் கன்ட்ரோல் ரிங்கை இந்தத் திருத்தத்துக்கே ஒதுக்கினால் கண்ணை எடுக்காமல் மாற்றலாம்.

---

கரைவெட்டி எழுதியது:

மிக்க நன்றி இருவருக்கும். வாடகை எண்ணத்தை விட்டுவிட்டேன். தூசுக்கு என்ன செய்வது? மதியம் எடுக்கும் தூரத்துப் படங்கள் மங்கலாக வரும் என்கிறார்களே, அது ஃபோகஸ் கோளாறா?

---

செந்நாரை எழுதியது:

அது கானல். சோதிப்பது எளிது. தொடர்ந்து பத்து ஃபிரேம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் வேறு வேறு இடம் மங்கி, புல் தண்டுகள் நெளிந்திருந்தால் கானல். பறவைக்கு முன்னாலோ பின்னாலோ ஏதாவது ஒன்று கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் கோளாறு. பத்து மணிக்கு மேல் சமவெளியில் 100 மீட்டர் தாண்டியதை விட்டுவிடுங்கள், எந்த விலை லென்ஸும் காப்பாற்றாது. வெயிலில் காய்ந்த பானெட்டுக்கு மேலாக எடுத்தால் பக்கத்துப் பறவைகூட நெளியும், பக்கவாட்டில் எடுங்கள். அந்த நேரத்துக்கு முகாம் மரங்களில் கூடு பின்னும் தூக்கணாங்குருவி இனங்கள் இருக்கின்றன, நிழலில் நின்று நிதானமாக எடுக்கலாம்.

தூசுக்குப் பருத்தித் தலையணை உறை போதும். ஓடும்போது கேமராவை அதற்குள் போட்டு மடியில் வையுங்கள். பாலிதீன் கேரிபேக் கொண்டு போகாதீர்கள். கென்யாவில் 2017 முதல் தடை. 100-400 ஜூம் செய்தால் நீளும் லென்ஸ், நீண்ட குழாயில் படிந்த தூசு சுருக்கும்போது உள்ளே போய்விடும். சுருக்குவதற்கு முன் பிளோயரால் ஊதி, பிரஷால் தட்டுங்கள். முன்கண்ணாடியை ஊதாமல் துணியால் தேய்த்தால் கீறல் விழும். வண்டிக்குள் லென்ஸ் மாற்றவே வேண்டாம். ஆற்றைக் கடக்கும் வில்டபீஸ்ட் (மாடு போன்ற பெரிய மான் இனம்) கூட்டத்துக்கு 100 மி.மீ கூட நெருக்கமாகிவிடலாம், அதற்கு ஃபோனே போதும்.

மூன்று பேட்டரி. பல முகாம்களில் குறிப்பிட்ட நேரம்தான் மின்சாரம். பிளக் மூன்று சதுர முள், சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பது போல. நம் உருண்டை முள் நுழையாது. பேட்டரிகள் விமானத்தில் கைப்பையில்தான் போக வேண்டும்.

நைவாஷாவில் படகில் பீன்பேக் உதவாது, கையில் பிடித்து 1/2500-க்குக் குறையாமல் எடுங்கள். படகோட்டி விசிலடித்து மீன் எறிந்து மீன்கழுகை வரவழைக்க முன்வருவார். மிதப்பதற்காக மீனுக்குள் பாப்பிரஸ் தண்டைச் செருகுவதும் உண்டு, பறவை அதையும் சேர்த்து விழுங்கலாம். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அங்கே கழுகுகள் ஏராளம். காலையில் ஒரு மணி நேரம் கரையோரம் நின்றால் தானாகவே மீன் பிடிப்பதைப் பார்க்கலாம். மாராவிலும் இதே கவனம் தேவை. ரிசர்வுக்குள் பாதையை விட்டு இறங்கக் கூடாது, ஒரு சிங்கத்தையோ சிவிங்கிப்புலியையோ சுற்றி 5 வண்டிக்கு மேல் நிற்கக் கூடாது. சிவிங்கிப்புலி பகலில் வேட்டையாடுவது, வண்டி குறுக்கே போனால் அதன் அன்றைய உணவே போய்விடும். ஓட்டுநர் ஆர்வத்தில் விதியை மீறினால் நீங்கள்தான் நிறுத்த வேண்டும்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை இப்போதே போட்டுக்கொள்ளுங்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஊசி போட்ட 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். அது இல்லாமல் கென்யாவிலிருந்து இந்தியா திரும்பினால் 6 நாள் வரை தனிமைப்படுத்துவார்கள்.