படுக்கையறை ரேடியேட்டர் மட்டும் சூடாகவில்லை
படிக்க வெளிநாடு வந்து முதன்முதலாகத் தனியாக எடுத்த வீடு. குடிவந்து 9 நாள். கூடத்து ரேடியேட்டர் (உள்ளே சுடுநீர் ஓடி அறையைச் சூடாக்கும் கருவி) கைவைக்க முடியாமல் கொதிக்கிறது, படுக்கையறையில் இருப்பது சில்லென்று கிடக்கிறது. அதில் இருப்பது 1 முதல் 5 வரை எண் போட்ட தெர்மோஸ்டாட் வால்வு, அறைச் சூட்டுக்கேற்பச் சுடுநீரைத் திறந்து மூடுவது. 5-இல் வைத்தும் பயனில்லை. வரும் குழாய் வால்வு வரைக்கும் சூடு, அதைத் தாண்டினால் இல்லை.

உள்ளே காற்று அடைத்திருக்குமோ என்று, ரேடியேட்டருக்கான சாவி போட்டுக் காற்றைத் திறந்துவிட்டேன். நேராகத் தண்ணீர்தான் வந்தது. அப்புறம் வால்வின் தலையைக் கழற்றினேன். நடுவிலுள்ள சின்ன ஊசி உள்ளே அமுங்கிக் கிடக்கிறது, எழும்பவே இல்லை. அது அமுங்கியிருந்தால் தண்ணீர் வழி மூடியே இருக்கும். கோடை முழுக்க மூடியிருந்து இறுகிப்போயிருக்கும் என்று நினைக்கிறேன். உரிமையாளர் 4 நாளாகப் பதில் சொல்லவில்லை. அடுத்த வாரம் தேர்வு, கோட்டைப் போட்டுக்கொண்டுதான் படிக்கிறேன்.

இடுக்கியால் இழுத்தால் ஊசியே கையோடு வந்து தண்ணீர் பீய்ச்சுமோ என்று பயம். வால்வின் பக்கவாட்டில் மெல்லத் தட்டினால் ஊசி எழும்புமா?