சூடானா நின்னுபோற பழைய செயின்சா: பட்டறையில பார்த்தது, பிரிச்சது

(செயின்சா என்பது மரம் அறுக்கும் சங்கிலி ரம்பம். வட சென்னைப் பட்டறைக்காரர்கள் எழுதியது; ஒவ்வொரு பகுதியின் தலையிலும் எழுதியவரின் இடம்.)

வியாசர்பாடி:

ஐப்பசி பிறந்தால் பட்டறைக்கு வரும் செயின்சாக்களில் பாதிக்கு ஒரே புகார். "காலையில ரெண்டு இழுப்புல ஸ்டார்ட் ஆகுது, கால் மணி நேரம் அறுத்ததும் நின்னுடுது, ஆறினா மறுபடி ஓடுது." 2016 டிசம்பர் வர்தா புயல் சமயத்தில் வாங்கி, மழை சீசனுக்கு மட்டும் வெளியே எடுக்கிற 52, 58 சிசி சைனா மெஷினிலிருந்து பழைய ஸ்டில் 070 வரை எல்லாவற்றிலும் இது உண்டு. புகார் ஒன்று, காரணம் மூன்று. டேங்க் வென்ட் (பெட்ரோல் டேங்குக்குக் காற்று விடும் துளை), காயில் (பிளக்குக்குக் கரண்ட் தரும் சுருள்), ஏர் லீக் (இன்ஜினுக்குள் தப்பான வழியில் காற்று நுழைவது). எது என்று பிரித்துப் பார்க்காமல் கார்ப்ரேட்டரில் முழு வேகப் பெட்ரோல் அளவை மாற்றும் எச் ஸ்க்ரூவைத் திருப்பி ஓட்டினால் அடுத்துப் போவது பிஸ்டன்தான்.

மெஷின் நின்ற அந்த நிமிஷமே சோதிக்க வேண்டும். ஆறவிட்டுப் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். முதலில் பெட்ரோல் மூடியைத் தளர்த்துங்கள். 'உஸ்'ஸென்று காற்று உள்ளே போய், அடுத்த இழுப்பில் மெஷின் எழுந்தால் வென்ட் அடைத்திருக்கிறது. அதில் ஒரு சின்ன டியூபைச் சொருகி ஊதினால் காற்று டேங்குக்குள் போக வேண்டும், உறிஞ்சினால் வரக்கூடாது. மரத்தூளும் ஆயிலும் சேர்ந்து களிம்பாகி அடைக்கிற இடம் இது. கழுவியும் திறக்கவில்லை என்றால் மாற்றிவிடுங்கள், மலிவான பாகம்தான்.

மூடி தளர்த்தியும் எழவில்லையா, பிளக்கைக் கழற்றிக் கரண்ட் பாருங்கள். பிளக்கை சிலிண்டர் மேல் வைத்துப் பார்ப்பது பாதி உண்மையைத்தான் சொல்லும். வெளிக்காற்றில் 0.5 மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்டுகிற பலவீனமான பொறி, உள்ளே அழுத்தத்தில் தாண்டாது. 6 மில்லிமீட்டர் இடைவெளி வைத்த டெஸ்டரில் நீலமாகப் பாய்ந்தால்தான் காயில் தேறியது. சூட்டில் கரண்ட் இல்லை, ஆறினால் வருகிறது என்றால் காயில் உள்சுற்று போய்விட்டது. ஆனால் காயிலைக் குறை சொல்வதற்கு முன்னால் ஸ்டாப் ஸ்விட்ச் ஒயரை ஒருமுறை கழற்றிப் பாருங்கள். பழைய மெஷினில் அந்த ஒயர் தோல் உரிந்து பாடியில் தொட்டுக்கொண்டு நிற்கும். நல்ல காயிலைத் தூக்கிப் போட்டவர்கள் நிறைய.

புதுக் காயில் மாட்டும்போது பிளைவீல் காந்தத்துக்கும் காயிலுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு வைத்து, காந்தம் காயிலை இழுத்துப் பிடித்ததும் ஸ்க்ரூவை முறுக்கிக் கார்டை உருவிவிடுங்கள். ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர் கிடைக்கும்.

காசிமேடு:

அண்ணன் சொன்னது சரி. நம்ம பக்கம் கூடுதலா உப்புக்காத்து வேற. ரெண்டு மாசம் மூலையில போட்டு வெச்ச மெஷின்ல பிளைவீல் காந்தம் துரு கட்டிக்கும், ஒயர் முனை பச்சை பூத்துடும், மெக்னீசியம் பாடி வெள்ளைத் தூளா உதிரும். காந்தத்தையும் காயில் காலையும் உப்புத்தாள் போட்டு லேசா தேய்ச்சாலே போன கரண்ட் திரும்பி வந்துடுது, பல மெஷின்ல. பழைய சிபி பாயின்ட் (கரண்டைத் திறந்து மூடுற தொடுமுனை) மாடல்னா பாயின்ட் முகத்துல பூஞ்சை மாதிரி ஒரு படலம் நிக்கும். அதைத் தேய்ச்சு, பிளக் கிளீனர்ல கழுவி, கையெண்ணெய் படாம ஃபீலர் கேஜ்ல (இடைவெளி அளக்குற தகடு) 0.35லேர்ந்து 0.4 மில்லிமீட்டர் வரை வைங்க.

இன்னொண்ணு. போட்டுல ஊத்துற அவுட்போர்டு டூ-டி ஆயில் (பெட்ரோல்ல கலக்குற ஆயில்) வீட்ல இருக்குன்னு அதையே செயின்சால கலக்குறாங்க. வேணாம்பா. அது தண்ணியில ஆறுற இன்ஜினுக்கு. டப்பாவுல டிசி-டபிள்யூ3ன்னு போட்டிருக்கும். காத்துல ஆறுற இன்ஜின் சூட்டை அது தாங்காது, பிஸ்டன் ரிங் பள்ளத்துல ஒட்டிக்கும். காத்தில் ஆறுற வண்டிக்கான டிசி ஆயில் வாங்கி, லிட்டருக்கு 40 மில்லி ஊத்துங்க. லிட்டருக்கு 20 மில்லிங்கிறது கம்பெனி சொந்த ஆயிலுக்கு மட்டும்.

மாதவரம்:

கார்ப்ரேட்டர் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். நம்ம ஊர் ஈரத்துக்குப் பாதி டேங்கோடு மாசக்கணக்கில் கிடந்தால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தங்கிவிடும். டூ-டி ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுகொள்ளும். டேங்கில் இழுக்கும் டியூப் அடியிலிருந்துதானே உறிஞ்சும்? ஆக முதலில் கொஞ்ச நேரம் இன்ஜின் ஆயிலில்லாமல் ஓடுகிறது. பழைய பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றிக் கால் மணி நேரம் வையுங்கள். அடியில் கோடு பிரிந்தால் கொட்டிவிடுங்கள், அதில் புதுசைக் கலந்து ஒப்பேற்றாதீர்கள்.

அதே எத்தனால் பழைய ரப்பரையும் கெடுக்கும். கார்ப்ரேட்டரைக் கழற்றி மீட்டரிங் டயாப்ரமை (பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் மெல்லிய சவ்வு) விரலால் தொட்டுப் பாருங்கள். ரேஷன் கடைப் பை போலச் சரசரவென்று சத்தம் போட்டால் அது செத்துவிட்டது. துணிபோலத் தளர்ந்து இருக்க வேண்டும். டயாப்ரம், பேக்கிங், நீடில் (பெட்ரோல் வழியைத் திறந்து மூடும் ஊசி) எல்லாம் சேர்ந்த கிட் ஒன்றாகவே வாங்குங்கள். டயாப்ரமை மட்டும் மாற்றி, தேய்ந்த நீடிலை விட்டுவைத்தால் அடுத்த வாரம் ஓவர் ஃப்ளோவோடு திரும்பி வரும்.

கார்ப்ரேட்டர் மூடிக்குக் கீழே சின்ன வலை ஒன்று உண்டு, அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். குண்டூசியால் குத்தாமல் எடுத்துக் கழுவுங்கள். துவாரங்களில் கார்ப் கிளீனர் அடித்து எதிர்ப்பக்கம் வருகிறதா என்று பாருங்கள். கம்பி விட்டுக் குத்தினால் ஓட்டை பெரிசாகிவிடும், அதன்பின் எந்த ட்யூனிங்கும் நிற்காது.

பேக்கிங் வரிசைதான் அதிகம் தப்புகிற இடம். பெரும்பாலான வால்ப்ரோ, ஜாமா கம்பெனி கார்ப்ரேட்டர்களில் மீட்டரிங் பக்கம் முதலில் பேக்கிங், மேலே டயாப்ரம். பெட்ரோலை இழுக்கும் பம்ப் பக்கம் நேர்மாறு, முதலில் டயாப்ரம், மேலே பேக்கிங். சந்தேகமிருந்தால் கழற்றும்போதே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நீடில் லீவர் உயரமும் மாடலுக்கு மாடல் வேறு. பழையது எவ்வளவு உயரத்தில் இருந்ததோ அதைப் பார்த்து வைத்துக்கொண்டு அப்படியே வையுங்கள். மூடிய பிறகு பெட்ரோல் வாயில் கைப்பம்ப் மாட்டி 0.8 பார் ஏற்றினால் முள் அசையாமல் நிற்க வேண்டும். இறங்கினால் நீடில் உட்காரவில்லை.

ட்யூனிங்: எச், எல் (குறைந்த வேகப் பெட்ரோல் அளவுக்கானது) ஸ்க்ரூ இரண்டையும் மெதுவாக உட்காரும்வரை உள்ளே திருப்பி, ஒரு சுற்று வெளியே எடுங்கள். இறுக்கி முறுக்கினால் ஊசிமுனையில் வளையம் விழுந்துவிடும். இன்ஜின் சூடான பின் எல், அப்புறம் ஐட்லிங், கடைசியில் எச். முழு ஆக்ஸிலேட்டரில் சும்மா விட்டால் சத்தம் கொஞ்சம் கரகரக்க வேண்டும், மரத்தில் இறங்கியதும் சீராக வேண்டும். சும்மாவே விசில்போலச் சீறினால் பெட்ரோல் போதவில்லை. அந்தச் சத்தம் கேட்க நன்றாகத்தான் இருக்கும், பிஸ்டனுக்குச் சாவுமணி.

திருவொற்றியூர்:

ட்யூன் பண்ணிய மறுநாளே செட்டிங் நகர்ந்துவிட்டதா? மெஷினைச் சாய்த்தால் ஐட்லிங் ஏறுகிறதா? அப்போது கார்ப்ரேட்டரை விட்டுவிட்டு ஏர் எங்கே இழுக்கிறது என்று தேடுங்கள். கிரான்க் இரண்டு பக்க ஆயில் சீல், இன்டேக் ரப்பர், இம்பல்ஸ் டியூப் (கிரான்க் பக்கக் காற்றுத் துடிப்பைக் கார்ப்ரேட்டர் பம்ப்புக்குக் கொண்டுபோவது), சிலிண்டர் அடிப் பேக்கிங், இந்த ஐந்து இடம்தான். எக்ஸாஸ்ட்டையும் இன்டேக்கையும் ரப்பர் தாளால் அடைத்து, இம்பல்ஸ் வழியாக 0.5 பார் ஏற்றி 20 விநாடி நிற்கிறதா பாருங்கள். அதோடு விட்டுவிடாதீர்கள், 0.5 பார் வேக்குவமும் பார்க்கணும். தேய்ந்த சீல் உள்ளிருந்து தள்ளும்போது ஒட்டிக்கொண்டு நிற்கும், இழுக்கும்போதுதான் உதடு திறக்கும். சோப்புத் தண்ணீரில் குமிழி வராத லீக் பலதும் வேக்குவத்தில் மாட்டுகிறது.

சைலன்சரைக் கழற்றினால் பிஸ்டன் தெரியும். எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் கீறல் என்றால் சூடு, ஆயில் குறைவு அல்லது ஏர் லீக். இன்டேக் பக்கம் கீறல் என்றால் ஏர் ஃபில்டர் வழியாகத் தூசு போயிருக்கிறது. கம்ப்ரஷன் 140 பிஎஸ்ஐக்கு மேல் இருந்தால் நல்லது, 100க்குக் கீழே போனால் கார்ப்ரேட்டரில் நேரத்தை வீணாக்காதீர்கள்.

வியாசர்பாடி:

மேலே சொன்னதோடு ஒரு எச்சரிக்கை. சீஸ் ஆன (பிஸ்டன் இறுகி மாட்டிக்கொண்ட) சிலிண்டரைப் பைக் சிலிண்டர்போல நினைத்து லேத்தில் ரீபோர் போடக் கொடுக்காதீர்கள். பெரும்பாலான செயின்சா சிலிண்டரில் அலுமினியத்தின்மேல் குரோம் அல்லது நிக்கல் பூச்சு மட்டும்தான். போர் போட்டால் பூச்சு போய்விடும், ரிங் வெறும் அலுமினியத்தில் ஓடும். நிக்கல் பூச்சாக இருந்து, அது நகத்தில் மாட்டாமல் முழுசாக இருந்தால், மேலே ஒட்டிய பிஸ்டன் அலுமினியத்தை மட்டும் பாத்ரூம் ஆசிட்டில் நனைத்த பஞ்சால் தொட்டுத் தொட்டு எடுக்கலாம். நுரை நின்றதும் நிறுத்துங்கள். போர்ட் ஓரத்தில் ஆசிட் பட்டால் அங்கேயும் அலுமினியம்தான், தின்றுவிடும். கையுறை, கண்ணாடி, திறந்த இடம், அப்புறம் நிறையத் தண்ணீர்.

கிளட்ச் கழற்றுகிறவர்களுக்கு: இடது மரை. கடிகாரச் சுற்றில் திருப்பினால்தான் கழன்று வரும். பிஸ்டனை நிறுத்தப் பிளக் ஓட்டையில் ஸ்க்ரூடிரைவர் விடாதீர்கள், பிஸ்டன் தலையில் ஓட்டை விழும். பிஸ்டன் மேலேறி எக்ஸாஸ்ட் போர்ட்டை மூடிய பிறகு ஸ்டார்ட்டர் கயிற்றை மடித்து உள்ளே திணியுங்கள். போர்ட் மூடாமல் விட்டால் கயிறு அங்கே மாட்டி அறுந்துபோகும்.

பெரம்பூர்:

இன்ஜினைப் பத்தியே பேசிட்டிருக்கீங்க. அறுப்பு வளைஞ்சு போகுதுன்னு வர மெஷின்ல இன்ஜின் கோளாறே இருக்காது. செயின்ல ஒரு பக்கப் பல்லு குட்டையா இருக்கும், இல்லாட்டி பார் (செயின் ஓடுற நீளத் தகடு) ஓரம் ஒருபக்கமா தேஞ்சிருக்கும். 3/8 இன்ச் பிட்ச் (கண்ணிகளோட இடைவெளி அளவு) செயினுக்கு 5.2 மில்லிமீட்டர் அரம், .325 இன்ச்சுக்கு 4.8. முப்பது டிகிரி கோணம், ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை. ஒவ்வொரு பல்லுக்கும் முன்னாடி இருக்கிற ரேக்கர் (பல்லு எவ்வளவு ஆழம் கடிக்கணும்னு தடுக்குற மொட்டு), பல்லு நுனியை விட 0.65 மில்லிமீட்டர் கீழே இருந்தா போதும். வேகமா அறுக்கணும்னு அதை இன்னும் அராவினா மெஷின் எகிறும். சங்கிலி பிரேக் இல்லாத பழைய மாடல்ல அது மூஞ்சிக்கே வரும்.

ரோட்டோரத் தூங்குமூஞ்சி மரம், வேம்புல போர்டு மாட்டின ஆணி உள்ளே புதைஞ்சு கிடக்கும். தரையிலேர்ந்து ஆளுயரம் வரைக்கும் பட்டையில கறுப்புக் கறை இருக்கான்னு பார்த்து, அந்த இடத்தை விட்டு அறுப்பை மேல வைங்க. ஆணி கடிச்ச பல்லைத் தேய்ச்சா மத்த எல்லாப் பல்லையும் அதே நீளத்துக்குக் குறைக்கணும்.