க்யூவுக்குப் பின்னால் யூ இல்லாமல் ஈராக் எப்படி நிற்கிறது?

நாலாங்கிளாஸ் அம்மா:
மகளுக்கு வரைபடத்தில் நாடுகளின் பெயர் எழுதும் வீட்டுப்பாடம். ஈராக் என்பதை ஐ, ஆர், ஏ, க்யூ என்று எழுதி, கடைசியில் ஒரு யூவையும் ஒட்டியிருந்தாள். நான் அதை அடித்ததும் ஒரே அழுகை. "க்யூ வந்தா பின்னாடியே யூ வரும்னு மிஸ் சொன்னாங்க, நீ மிஸ்ஸா?" என்கிறாள். அட்லஸைப் பிரித்துக் காட்டினேன். பக்கத்திலேயே கத்தார் கிடக்கிறது. அங்கேயும் யூ இல்லை. அப்படியானால் 'குயின்' என்று எழுதும் ராணிக்கு மட்டும் யூ எதற்கு என்று அடுத்த கேள்வி. நான் தமிழ் வழியில் படித்தவள். யாராவது புரியும்படி சொல்லுங்களேன்.

பத்துப் புள்ளி:
எழுத்துக் கட்டைகளை அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் ஆட்டத்தில் க்யூ ஒரே கட்டைதான், பத்துப் புள்ளி. யூ நாலே நாலு. யூ வராமல் நான் தோற்ற ஆட்டங்கள் எத்தனையோ. அப்புறம்தான் 'சீ' என்கிற சீனச் சொல் தெரிந்தது. க்யூ, ஐ, இரண்டே எழுத்து. உங்கள் மகளுக்கு முதலில் அதைச் சொல்லிக் கொடுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

பழைய ப்ரூஃப் ரீடர்:
மிஸ் சொன்னதில் முக்கால்வாசி சரிதான் அம்மா. எப்போதுமே யூ வரும் என்பதுபோல் சொன்னதுதான் தப்பு.

பழைய ஆங்கிலத்தில் ராணியை சி, டபிள்யூ போட்டுத்தான் எழுதினார்கள். 'குயிக்' என்ற சொல்லும் அப்படியே. 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அவர்கள் வழி வந்த எழுத்தர்கள் பிரெஞ்சுப் பழக்கத்தில் க்யூ, யூ என்று எழுத, ஒன்றிரண்டு நூற்றாண்டில் பழைய முறை மறைந்துபோனது. ராணி மாறவில்லை, எழுதியவர் கை மாறிவிட்டது.

ஈராக், கத்தார், தலாக், புர்கா எல்லாம் வேறு வழியில் வந்தவை. அரபியில் காஃப் என்ற பெயரில் நம் காதுக்கு இரண்டு எழுத்து உண்டு. ஒன்று நம்முடைய க் மாதிரி. அதற்குக் கே போட்டார்கள். மற்றது தொண்டையின் அடியிலிருந்து வருவது. அதைப் பிரித்துக் காட்ட ஓர் எழுத்து வேண்டும், க்யூ சும்மா இருந்தது. நம் ழகரத்துக்கு இஸட், எச் போட்டு எழுதுகிறோமே, அதே கதை. சீனர்கள் 1958-இல் ரோமன் எழுத்துமுறை கொண்டுவந்தபோது, 'ச்' போன்ற ஓர் ஒலிக்கு இதே க்யூவை எடுத்துக்கொண்டார்கள். சிங் வம்சத்துக்கு அதனால்தான் க்யூ.

யூ இருந்தும் ஏமாற்றும் பெயர்களும் உண்டு. திருவல்லிக்கேணி காயிதே மில்லத் சாலையை ஆங்கிலத்தில் எழுதினால் க்யூ, யூ என்றுதான் தொடங்கும். வேலைக்குப் புதிதாக வந்த பையன் ஒருவன் ப்ரூஃபை எனக்குச் சத்தமாக வாசிக்கும்போது 'குவைட் மில்லத்' என்றான். தமிழ் மூலத்தை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். குர்ஆனில் வரும் யூ இன்னொரு ரகம். அது உண்மையான உகரம், க்யூவுக்குத் துணையாக வந்ததில்லை.

ஆஸ்திரேலிய விமானக் கம்பெனி குவாண்டாஸ் 1920-இல் தொடங்கியது. குயின்ஸ்லாந்து, நார்தர்ன் டெரிட்டரி என்று நீளும் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தது அது. அதில் யூவைத் தேடக்கூடாது.

நாலாங்கிளாஸ் அம்மா:
நன்றி ஐயா, ழகரத்தைச் சொன்னதும் பிடித்துக்கொண்டாள். எங்கள் ஊர் கீழ்ப்பழுவூர், அதை ஆங்கிலத்தில் எழுதிப் பழகினவள்தானே. ஆனால் உடனே அடுத்தது வந்துவிட்டது: மஸ்கிட்டோவில் யூ இருந்தும் ஏன் 'குவி' என்று சொல்வதில்லை?

பழைய ப்ரூஃப் ரீடர்:
அது ஸ்பானிஷிலிருந்து வந்த கொசு. அந்த மொழியில் இ, எ ஒலிகளுக்கு முன்னால் க் வரவேண்டுமென்றால் இப்படித்தான் எழுதுவார்கள். யூவுக்கு ஒலியே இல்லை. பொக்கே, ஆன்டீக் இரண்டும் பிரெஞ்சு வழி, அங்கேயும் அப்படியே. படகுத்துறைக்கு உள்ள சொல்லைக் க்யூ, யூ, ஏ, ஒய் என்று எழுதிவிட்டு 'கீ' என்று வாசிக்கிறார்கள். அதை மகளிடம் இப்போதைக்குச் சொல்லாதீர்கள்.

தோஹாவிலிருந்து:
இங்கே வந்து ஒன்பது வருடம். உள்ளூர்க்காரர்கள் பேச்சில் அந்தக் காஃப், 'தங்கம்' என்பதில் வரும் க மாதிரி விழுகிறது. காப்பிக்குக் கஹ்வா, புத்தக அரபியில் தொண்டையடிக் காஃப், கடைக்காரர் வாயில் தங்கத்துக் க. வந்த புதிதில் நான் நம் ஊர்க் க் போட்டுக் கேட்பேன், அவர் இன்னொரு தடவை சொல்லச் சொல்வார்.

நாலாங்கிளாஸ் அம்மா:
நாளைக்கு மிஸ்ஸிடம் கேட்கப்போகிறாளாம். அட்லஸைப் பையில் வைத்தாயிற்று. சண்டை போடாமல் கேள் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.