ஆடியில் மதுரை – கொல்லம் சைக்கிள் பயணம்: திசையை மாற்றலாமா?

வைகைக்கரை:
வணக்கம் நண்பர்களே. ஆடியில் நாங்கள் மூன்று பேர் மதுரையிலிருந்து ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை, புனலூர் வழியாகக் கொல்லம் வரை சைக்கிளில் போவதாக இருந்தோம். போன வாரம் வேறு வேலையாகச் செங்கோட்டை போனபோது டீக்கடையில் ஒரு அண்ணாச்சியிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். மனிதர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "ஆடியில இங்கேருந்து மேக்கயா மிதிக்கப் போறிய? காத்து நெஞ்சுலயே வந்து அடிக்கும். ரயில்ல கொல்லம் போயிட்டு அங்கேருந்து திரும்பி வாங்க தம்பி, காத்தே தள்ளிக் கொண்டாந்து விட்டுரும்" என்றார். கடலில் போய் முடிப்பதுதான் அழகு என்று எங்களில் ஒருவர் விடாப்பிடியாக இருக்கிறார். அண்ணாச்சி பேச்சைக் கேட்கலாமா? அந்தப் பக்கம் மழை எப்படி?

பிரானூர்வாசி:
கண்ணை மூடிக்கொண்டு மாற்றுங்கள். தென்மேற்குப் பருவக்காற்று மலையில் எங்கே இடைவெளி கிடைக்கிறதோ அங்கேதான் பீறிட்டு வரும். பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி மூன்றும் அப்படிப்பட்ட கணவாய்கள், காற்றாலைகளை இந்தப் பக்கங்களில் அவ்வளவு நட்டிருப்பதும் அதனால்தான். அண்ணாச்சி லாரியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையா? எம்-சாண்ட், ஜல்லி ஏற்றிக்கொண்டு கேரளா போகிற லாரிகள் புளியரை எஸ் வளைவில் ஊர்ந்துதான் ஏறும். உங்கள் பழைய திட்டப்படி அதே ஏற்றத்தில், எதிர்காற்றில், அவற்றின் புகையைக் குடித்துக்கொண்டே மிதிக்க வேண்டும். கேரளாவிலிருந்து வந்தால் அந்த இடம் உங்களுக்கு இறக்கம். ஆனால் சாரலில் ரோடு வழுக்கும், பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்து மெதுவாக இறங்குங்கள். சனி, ஞாயிறு வேண்டவே வேண்டாம், குற்றாலம் சீசன் கூட்டம் முழுக்க இந்த ரோட்டில்தான் இருக்கும்.

கல்லடையாறு:
நான் இருப்பது கொல்லம். மழை கண்டிப்பாக நனைக்கும், அதற்குத் தயாராக வாருங்கள், ரெட் அலர்ட், ஆரஞ்சு அலர்ட் கொடுத்த நாளில் மட்டும் தென்மலைப் பக்கம் கிளம்பவே கிளம்பாதீர்கள், மரம் விழும், மண் சரியும். கொல்லத்திலிருந்து புனலூர் 45 கிலோமீட்டர் போல வரும். முதல் நாள் அதோடு நிறுத்திக்கொண்டு சாயங்காலம் 1877-இல் கட்டிய தொங்குபாலத்தைப் போய்ப் பாருங்கள். மறுநாள் விடிந்ததும் கிளம்பினால் ஏற்றம் மெதுவாகத்தான் ஆரம்பிக்கும், கழுதுருட்டியில் ரோட்டை ஒட்டியே 13 கண் பாலம், மேலே ரயில் போகும்போது பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். கடலில் முடிக்க ஆசைப்படும் நண்பரிடம் கடலில் தொடங்கச் சொல்லுங்கள், கொல்லம் கடற்கரையில் விடியற்காலையும் அழகுதான்.

நெல்லைச்சீமை:
எல்லாம் சரி, ஆனால் தென்காசிக்கு அப்புறம் ராஜபாளையம் ரோட்டைப் பிடிக்காதீர்கள். கடையநல்லூர், புளியங்குடி, வாசுதேவநல்லூர் என்று அந்த ரோடு மலையை ஒட்டி வடக்கே போகிறது. காற்று இடப்பக்கத்திலிருந்து அடித்து உங்களை ரோட்டின் நடுவுக்குத் தள்ளும். இதில் பஸ்ஸோ லாரியோ எதிரே வந்து கடக்கும்போது சைக்கிள் ஒரு ஆட்டு ஆட்டும் பாருங்கள், பின்னால் பை கட்டியிருந்தால் இன்னும் மோசம். பேசாமல் பாவூர்சத்திரம், ஆலங்குளம் வழியாகத் திருநெல்வேலி வந்துவிடுங்கள். நேர் கிழக்கு, காற்று முதுகில். அங்கிருந்து மதுரைக்கு ரயிலுக்கா பஞ்சம்?

வைகைக்கரை:
மூவருக்கும் ரொம்ப நன்றி. நண்பரும் சம்மதித்துவிட்டார். ரயிலில் கொல்லம், அங்கிருந்து புனலூர், தென்காசி, திருநெல்வேலி, அதுவும் வார நாட்களில். சைக்கிளை ரயிலில் எப்படி ஏற்றுவது?

பிரானூர்வாசி:
பார்சல் ஆபீஸில் உங்கள் டிக்கெட்டைக் காட்டி லக்கேஜாகப் புக் செய்யுங்கள். கடைசி நேரத்தில் போய் நிற்காதீர்கள். பெயரும் போன் நம்பரும் எழுதிய அட்டையைப் பிரேமில் கட்டிவிடுங்கள். பம்ப், பாட்டில், லைட் எல்லாவற்றையும் கழற்றிக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். அதே ரயிலில்தான் ஏற்றுகிறார்களா என்று பிளாட்பாரத்தில் நின்று பார்த்துவிட்டு ஏறுங்கள்.