எபோஷியை எந்தப் பக்கம் சேர்ப்பது?

ஜப்பானிய அனிமேவில் தத்துவம் என்றதும் பலரும் 'கோஸ்ட் இன் தி ஷெல்', 'எவாஞ்சலியன்' என்றுதான் தொடங்குகிறார்கள். எனக்கு ஹயாவோ மியாசாகியின் 'பிரின்சஸ் மோனோனோகே' (1997). அதிலும் குறிப்பாக ஒரு காட்சி.

பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் கதை. உடம்பில் குண்டு பாய்ந்து வெறிபிடித்து ஓடிவரும் பன்றித் தெய்வத்தை அஷிதாகா என்ற இளைஞன் கொல்கிறான். அதன் சாபம் அவன் வலது கையில் ஒட்டிக்கொள்கிறது. குண்டு எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால், இரும்பு உருக்கும் ஓர் ஊர். தலைவி எபோஷி. இரும்பு மணலுக்காகக் காட்டை அழிப்பவள். விபசார விடுதிகளில் கிடந்த பெண்களை விலை கொடுத்து மீட்டு வேலை கொடுத்தவளும் அவள்தான்.

அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தேன். சப்டைட்டிலை நான் தமிழில் சொல்லிக்கொண்டே வர, புதிதாக யார் வந்தாலும் "இவ நல்லவளா, கெட்டவளா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். எபோஷி அஷிதாகாவைத் தன் தோட்டத்துக்கு அழைத்துப் போகிறாள். அங்கே ஒரு குடிசைக்குள் உடம்பெல்லாம் துணி சுற்றிய தொழுநோயாளிகள் துப்பாக்கி செய்துகொண்டிருக்கிறார்கள். பெண்களும் தூக்கும்படி எடை குறைந்த துப்பாக்கி. அஷிதாகாவின் சாபக் கை தானாக வாளை நோக்கிப் போகிறது. இடது கையால் அதை இறுக்கிப் பிடிக்கிறான். அப்போது படுக்கையில் கிடக்கும் ஒரு முதியவர் கெஞ்சுகிறார்: எங்களை மனுஷனாக நடத்தியது இவள் ஒருத்திதான், என் அழுகிய உடம்பைக் கழுவித் துணி சுற்றினாள், கொன்றுவிடாதே.

அம்மா அப்புறம் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அப்போ அந்தப் பன்றி என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. புண்ணைக் கழுவியவளும் அந்தக் குண்டுக்குக் காரணமானவளும் ஒரே ஆள். ஒன்றைக் காட்டி மற்றதை மன்னிக்கச் சொல்வதில்லை மியாசாகி.

அந்தக் குடிசை வெறும் கற்பனையில் வந்ததும் இல்லை. டோக்கியோவில் தாமா சென்ஷோஎன் என்ற தொழுநோய்க் காப்பகம் இருக்கிறது. படத்தை யோசித்துக்கொண்டிருந்த காலத்தில் அங்கே கால்நடையாகப் போய் வந்தது தன்னை எவ்வளவு பாதித்தது என்று மியாசாகியே பிற்பாடு பேசியிருக்கிறார். தொழுநோயாளிகளைக் கட்டாயமாகப் பிரித்துவைத்த சட்டம் ஜப்பானில் 1996-ல்தான் ரத்தானது. படம் வந்தது அதற்கு அடுத்த வருடம். இதைத் தெரிந்துகொண்டு மறுபடி பார்த்தபோது அந்த முதியவரின் குரல் இன்னும் கனத்தது.

முடிவில் எபோஷிக்கு ஒரு கை போகிறது, உயிர் போகவில்லை. நல்ல ஊராகக் கட்டுவோம் என்கிறாள். காட்டில் ஓநாய்கள் வளர்த்த பெண் சான், உன்னைப் பிடிக்கும், ஆனால் மனிதர்களை மன்னிக்க முடியாது என்று அஷிதாகாவிடம் சொல்லிவிடுகிறாள். அவளை அவன் சமாதானப்படுத்தப் பார்ப்பதில்லை. நீ காட்டில் இரு, நான் ஊரில் இருக்கிறேன், வந்து பார்க்கிறேன் என்கிறான்.

அம்மா இதை ஏற்கவில்லை. பழைய காடு போனது போனதுதானே, சான் சொல்வதுதான் நியாயம் என்கிறார். நியாயம்தான். ஆனால் உலையை மூடினால் அந்தப் பெண்களும் நோயாளிகளும் எங்கே போவார்கள்? அதனால் நான் அஷிதாகா பக்கம். நீங்கள்?